சரஸ்வதி பூசையில் ஒரு கொலைக்கதை

பெயர் கேட்டறியாத ஒருவரைப் பற்றி எழுதும்போது கற்பனை எளிதில் நுழைந்துவிடும். ஆகவே, கண்டதையும் கேட்டதையும் மட்டுமே சொல்கிறேன்.

பாக்கார் ஆராங் என்ற ஊரின் கோயிலில் சரஸ்வதி பூசை. தொழிற்சாலைச் சீருடையில் வந்த பெண்மணி, தாம் படித்துக்கொண்டிருந்த துப்பறியும் நாவலில் விட்ட பக்கத்தில் கொண்டை ஊசியைச் செருகி, பிள்ளைகளின் பாடநூல்கள்மேல் வைத்தார். அட்டையில் இரத்தம் சொட்டும் கத்தி.

“கொலைக்கதையெல்லாம் சாமி முன்னால வைக்கக் கூடாது லா, அக்கா. எடுங்க,” என்றார் கோயில் செயலாளர்.

“நான் படிக்கிறது இதான், அண்ணே. நீங்க வச்ச புத்தகத்துக்கு இன்னும் பிளாஸ்டிக் உறையே பிரிக்கல. சாமிக்குத் தெரியாதா?”

நாவல் அங்கேயே இருந்தது. மறுநாள் விஜயதசமியன்று அதைத் திரும்பப் பெற்ற அப்பெண்மணி, அட்டையில் ஒட்டிய குங்குமத்தைத் துடைக்காமல், கோயில் படியிலேயே அமர்ந்து, ஊசி இருந்த பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. கொலையாளி யார் என்பதும் தெரியாது.