அத்தான் கேட்ட பாதி

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் என் அக்காவின் இடது மார்பை எடுத்தார்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மீனை ஏலத்தில் எடுத்து, தக்கலைச் சந்தையில் விற்பவள் அவள். விடியுமுன் கிளம்பினால் மத்தியானம் வரை வயிற்றில் ஒன்றும் இறங்காது. பசி தெரியாமலிருக்க வெற்றிலையோடு புகையிலையைச் சேர்த்து அதக்கிக்கொள்வாள். சந்தையில் மீன் விற்கும் பெண்கள் பலருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அத்தானோ வளைகுடாவிலிருந்து திரும்பியபின் ஒரு வேலைக்கும் போகாமல், வீட்டுக்குள்ளேயே சிகரெட் வலித்துக்கொண்டிருந்தார்.

தையல் பிரித்த அன்று, திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எங்கள் மூவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"பெண்களுக்குச் சுரக்கிற ஹார்மோனைப் பிடிச்சு வளர்ற கட்டி இது. அதைத் தடுக்கத்தான் இந்த மாத்திரை. ஒரு நாளும் விடக்கூடாது. புகையிலையை இன்னையோட நிறுத்தணும். அதுல இருக்கிற நிக்கோடினும் இந்த செல்களைத் தூண்டுது, ஹார்மோனோட சேர்ந்தா இன்னும் மோசம்னு ஆராய்ச்சியில சொல்றாங்க."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா அவள் கையைத் தொட்டார். "அதனாலதான் உங்களுக்கு வந்துதுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. புகையிலையைத் தொடாதவங்களுக்கும் வருது. சரி, வீட்டுல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா? அந்தப் புகையும் உங்களுக்கு ஆகாது."

"இல்ல டாக்டரே, யாரும் வலிக்கதில்ல" என்றாள் அக்கா.

"அத்தான் வலிப்பாரு" என்றேன் நான்.

அத்தான் என்னை முறைத்தார். வீட்டு வாசலில் வைத்துத்தான் கத்தினார். "அந்நியப் பொம்பள முன்னால என்ன நாணங்கெடுத்திட்டியே. இனி நீயே இவளக் கெட்டி இழு."

அதன்பிறகு அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. ஆனால் டாக்டரம்மா சொன்னதில் பாதியை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். டீக்கடையிலும் கோயில் முற்றத்திலும் அதைத்தான் சொன்னார். "நிக்கோடின், கேட்டியளா? பொயல தின்னு அவளாட்டு வரவழச்ச சீக்கு." சொல்லும்போது அவர் விரலிடுக்கில் சிகரெட் புகைந்துகொண்டிருக்கும். யாருக்கும் அது உறுத்தவில்லை. அக்கா சந்தைக்குத் திரும்பியபோது, பக்கத்தில் உட்காரும் பெண் தன் மீன்கூடையைத் தள்ளி வைத்துக்கொண்டாள். அவள் கன்னம் புகையிலையால் உப்பியிருந்தது.

அக்கா புகையிலையை விட்டாள். முதல் வாரங்களில் தலை வெடித்துவிடும்போல் வலிக்கும். வாயில் கிராம்பைப் போட்டுக்கொண்டு பொறுத்தாள். மாத்திரையால் மாதவிலக்கு நின்றது. திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், வேர்த்து ஊற்றும். சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு அவள் புறவாசலுக்குப் போனால், அத்தான் பின்னாலேயே போவார்.

"மாரும் போச்சு, மாசமும் நின்னாச்சு. இனி நீ என்ன பொம்பளட்டி?"

ஒருமுறை என் கண்முன்னாலேயே அவள் முகத்தில் புகையை ஊதி, "இந்தா, கொதியாட்டு இருக்குமே ஒனக்கு, ஆச தீர இழு" என்று சிரித்தார். அக்கா முகத்தைத் திருப்பி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நான் சண்டைக்குப் போனேன். "விடு மக்கா. நீ போனபெறவு அதுக்கும் சேத்து நாந்தான் ஏச்சு கேக்கணும்" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

இரண்டு வருஷம் கழித்து நோய் முதுகெலும்பில் வந்தது. டாக்டரம்மாவைத் தனியே பார்த்துக் கேட்டேன். "வீட்டுல வலிச்ச புகையாலயா?"

"அப்படி உறுதியா சொல்ல முடியாதும்மா."

ஆமாம் என்று அவர் சொல்லிவிடமாட்டாரா என்று தவித்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் அக்கா செத்துப்போனாள். சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று அத்தான் அழுதார். "பொயல தின்னாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேக்கலியே!" வந்தவர்கள் தலையாட்டினார்கள்.

"ஆபரேஷனுக்குப் பெறவு அவ அதத் தொட்டதே இல்ல" என்றேன்.

"சாவு வீட்டுல என்னட்டி பேச்சு?" என்று ஒருத்தி என் வாயை அடைத்தாள்.

வருஷம் திரும்புமுன் அத்தானுக்குப் புதுக்கடை ஊர்ப் பக்கம் பெண் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் அம்மா விசாரிக்க என் வீட்டுக்கு வந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். புறவாசலில் அவர் கேட்ட கேள்வியையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தாள்.

"சிகரெட்டுதானே மக்கா. குடி இல்லல்லா?"

அந்த மாதமே கல்யாணம் நடந்தது.