ஒப்பு என்று எழுதிவிட்டேன்

எழுபது வயதானவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வளையவில்லை. அவரும் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். நான் ‘ஆன்ட்டி’ என்றே கூப்பிட்டேன். நியூ ஜெர்சியின் தெற்கில், ஒரே ஒரு சிக்னல் உள்ள அந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு அத்தை என்று மட்டும்தான் அர்த்தம். அவர் வீட்டு மாடி அறைக்கு நான் குடிவந்த இரண்டாம் மாதம், ஆணியும் பெயின்ட்டும் விற்கும் கடைக்காரர் அவரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாராம்: “உன் அண்ணன் பட்டாளத்துல இருந்தப்ப இந்தியாப் பக்கம் போயிருந்தானா?”

ஆன்ட்டிக்கு அண்ணனே கிடையாது. அதைச் சொல்லாமல் சிரித்துக்கொண்டே வந்துவிட்டார். தொண்ணூறுகளின் நடுவில் நான்கு வருடம் அந்த ஊரில் இருந்தேன். நான்கு வருடமும் பாதி ஊருக்கு நான், பிறக்கவே பிறக்காத ஒருவரின் மகள்.

எனக்கு ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. ஈரோட்டுப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிற குடும்பம் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரிக்கும் விமானத்துக்கும் முதல் ஆள் நான்தான். இதை நான் அடக்கமாகச் சொல்வதில்லை. அடக்கிச் சொல்ல இதில் என்ன இருக்கிறது?

ஆன்ட்டி குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். கண்ணில் புரை விழுந்ததால் அவர் கார் ஓட்டுவதை டாக்டர் நிறுத்தியிருந்தார். எனக்குப் புதிதாக லைசென்ஸ் கிடைத்திருந்தது. ஞாயிறு காலை அவரை வழிபாட்டுக் கூடத்தில் இறக்கிவிட்டு, முடியும்வரை காரில் காத்திருந்தேன். ஜனவரியில் கார் ஹீட்டர் கெட்டுப்போனது. அதனால் உள்ளே போனேன். என் ஆன்மிகப் பயணம் என்று யாராவது கேட்டால் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

உள்ளே சிலுவை இல்லை, பாட்டு இல்லை, பாதிரியார் இல்லை. நீளமான மர பெஞ்சுகள் நடுவைப் பார்த்துப் போடப்பட்டிருக்கும். இருபது பேர் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது உள்ளிருந்து ஏதாவது சொல்ல வந்தால் எழுந்து சொல்லலாம். ஒரு வாரம் ஒருவர் போரைப் பற்றிச் சொன்னார். அடுத்த வாரம் இன்னொருவர், தான் புதைத்த டூலிப் கிழங்குகளை அணில் தோண்டித் தின்றதையும், அந்த அணிலுக்குள்ளும் கடவுளின் ஒளி உண்டா என்று மூன்று நாளாக யோசித்ததையும் சொன்னார். முடிவைச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டார்.

அப்பா போனில் கேட்டார்.

“அங்க என்ன சாமி, கண்ணு?”

“சாமி படம் ஒண்ணும் இல்லீங்கப்பா.”

“அப்பறம் எந்தப் பக்கம் பாத்துக் கும்புடுவாங்க?”

“ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க.”

“பூசாரி?”

“இல்லீங்க. கிளார்க்குன்னு ஒருத்தர் இருக்கறாங்க. அவங்கதான் எல்லாத்தையும் எடுத்து நடத்துவாங்க.”

“அட, தாலூக்காபீஸாட்டச் சொல்றே,” என்றார் அப்பா. குரலில் மரியாதை கூடியிருந்தது.

அவர்களுடைய கிளார்க், வார நாளில் பள்ளி பஸ் ஓட்டுகிற ஒரு பெண்மணி. மாதம் ஒரு ஞாயிறு வழிபாடு முடிந்ததும் சபைக் காரியங்களைப் பேசுவார்கள். ஓட்டு கிடையாது. எல்லோருக்கும் மனம் ஒத்து வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒத்துக்கொள்கிறவர் “ஒப்பு” என்று சொல்வார். தூரத்து விஷயங்களில் அவர்களுக்குச் சீக்கிரம் மனம் ஒத்தது. தூக்குத் தண்டனை கூடாது என்று கடிதம் எழுத ஐந்து நிமிடம் போதும். பெஞ்சுக்கு மெத்தை போடலாமா என்பது மட்டும் இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. தடுத்து நின்றவர், மாட்டுப் பண்ணை வைத்திருந்து ஓய்ந்த ஒரு கிழவர்.

“மெத்தை போட்டா தூக்கம் வரும்,” என்பார் அவர். வழிபாட்டில் முதலில் தூங்குகிறவரும் அவர்தான். காதுக் கருவியின் பேட்டரி வீணாகக் கூடாது என்று உட்கார்ந்ததும் அணைத்துவிடுவார். அணைக்கும்போது அது ஒரு சின்ன விசில் அடிக்கும். வழிபாடு தொடங்கிவிட்டது என்பதற்கு எனக்கு அதுதான் மணி.

இரண்டாம் வருடம், கூட்டக் குறிப்பு எழுதுகிறவர் ஃபுளோரிடாவுக்குக் குடிபோனார். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று கிளார்க் என்னைக் கேட்டார். நான் அவர்கள் மதமில்லை என்றேன். “உன் கையெழுத்துக்கு மதம் இருக்கா?” என்றார். ஒத்துக்கொண்டேன். கைநாட்டுக் குடும்பத்துப் பெண்ணை ஓர் ஊரின் மினிட்ஸ் நோட்டு தேடி வருகிறது. எப்படி மறுப்பேன்?

அந்த ஜூலையில்தான் ஆன்ட்டியின் மகள் விஷயம் வந்தது. பிலடெல்பியாவில் நர்ஸாக இருந்த அவள், ஒரு பள்ளி ஆசிரியையோடு ஆறு வருடமாகச் சேர்ந்து வாழ்ந்துவந்தாள். இருவருக்கும் அந்தக் கூடத்தில் கல்யாணம் நடத்தித் தர வேண்டும் என்று சபைக்கு எழுதியிருந்தார்கள். சட்டப்படி அப்போது அது கல்யாணமே இல்லை. ஆனால் ஆன்ட்டியின் கல்யாணமும், அவருடைய அம்மாவின் கல்யாணமும் அந்த பெஞ்சுகளுக்கு நடுவில்தான் நடந்திருந்தன. அக்டோபர் கடைசியில் இருவரும் கலிபோர்னியாவுக்குக் குடிபோகிறார்கள். அதற்குள் சபை சொல்லாவிட்டால் அங்கேயே ஏதாவது ஒரு பார்க்கில் செய்துகொள்வோம் என்று மகள் சொல்லிவிட்டாள்.

“பார்க்குல,” என்றார் ஆன்ட்டி என்னிடம், பாத்திரம் தேய்த்துக்கொண்டே. “நாய் கூட்டிட்டு வர்றவங்க நடுவுல.”

தன் மகள் காரியம் என்பதால் அன்றைய கூட்டத்துக்கு அவர் வரவில்லை. நான் நோட்டோடு போனேன். கிளார்க் கடிதத்தைப் படித்தார். பெஞ்சு பெஞ்சாக “ஒப்பு” என்ற சொல் வந்தது. பண்ணைக் கிழவரிடம் வந்ததும் நின்றது. காதுக் கருவியை அவர் அணைக்கவில்லை; விசில் கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். அவர் தரையைப் பார்த்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். கால் மணி நேரம் இருக்கும். ஒருவரும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிளார்க் பக்கத்திலிருந்தவரின் கையைக் குலுக்கினார். கூட்டம் முடிந்தது.

மௌனம் சம்மதம். எங்கள் ஊரில் பெண் கேட்டு வந்தவர்கள் முன் பெண் பேசாமல் நின்றால் வெற்றிலை பாக்கு மாற்றிவிடுவார்கள். நான் அழகான கையெழுத்தில், ‘எல்லோரும் ஒப்பினர்’ என்று எழுதி நோட்டை மூடினேன்.

வீட்டு வாசலிலேயே ஆன்ட்டி நின்றிருந்தார்.

“ஆச்சு,” என்றேன். “ஒருத்தர்கூட எதிர்த்துப் பேசலை.”

“அவனுமா?”

“அவரும்தான்.”

ஆன்ட்டி என்னைக் கட்டிப்பிடித்தார். அந்த வீட்டில் அது அபூர்வம். பிறகு மகளுக்குப் போன் செய்தார். மகள் யாருக்குச் செய்தாளோ, மறுநாள் பேக்கரியில் என்னிடம் கேக்கில் எத்தனை அடுக்கு என்று கேட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை கிழவர் தன் பழைய டிரக்கில் வந்தார். கையில் ஒரு காகிதப் பை நிறையத் தக்காளி. அந்த ஊரில் ஆகஸ்ட் நெருங்கினால் துக்கத்துக்கும் தக்காளி, சண்டைக்கும் தக்காளி.

“தீவனக் கடைக்குப் போயிருந்தேன்,” என்றார். “நான் ஒப்புன்னு சொல்லிட்டேனாம். அங்கதான் எனக்கே தெரிஞ்சது.”

“நீங்க வேண்டாம்னு சொல்லலையே,” என்றேன்.

“சொல்லலை.”

“எங்க ஊர்ல பேசாம இருந்தா சம்மதம்னு அர்த்தம்.”

“எங்க ஊர்ல பேசாம இருந்தா பேசலைன்னு அர்த்தம்.”

உள்ளிருந்து ஆன்ட்டி வந்தார். இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். “அப்ப வேண்டாங்கிறியா? நேரா சொல்லேன்.”

“அதையும் சொல்லலை. நான் இன்னும் முடிக்கலை, அவ்வளவுதான். யோசிச்சிட்டிருக்கேன்.”

“மெத்தைக்கு ரெண்டு வருஷம் யோசிச்சே. என் பொண்ணுக்கு அக்டோபர் வரைக்கும்தான் இருக்கு.”

கிழவர் தக்காளியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். கிளார்க்குக்குப் போன் செய்தேன். கை குலுக்கியது ‘இன்று முடிவாகவில்லை, போகலாம்’ என்பதற்கு என்றார். கோபித்துக்கொள்ளவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. ஆன்ட்டி மகளுக்குத் திரும்பப் போன் செய்து சொல்வதை மாடியிலிருந்து கேட்டேன். “அந்தப் பொண்ணு தப்பா எழுதிட்டா,” என்றார். என் வாழ்க்கையில் என்னைப் பற்றி யாரும் அந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை. ஆன்ட்டி தொடாத அந்தத் தக்காளியில் நானே ரசம் வைத்துக் குடித்தேன். ஒரு வாரம் ஆன்ட்டி என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினார்.

ஆகஸ்டில் கூட்டம் நடத்தும் வழக்கம் இல்லை. செப்டம்பர் கூட்டத்துக்கு ஆன்ட்டியும் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். போன கூட்டத்தின் குறிப்பைப் படிப்பது என் வேலை. அவர்கள் நோட்டில் எதையும் அழிப்பதில்லை. ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். அடித்தது கீழே தெரியும்படி இருக்க வேண்டும். என் அழகான கையெழுத்தின் மேல் நானே கோடு போட்டிருந்தேன். எழுந்து, “மௌனத்தை ஒப்பு என்று நான் எழுதிவிட்டேன். தவறு என்னுடையது, வேறு யாருடையதும் இல்லை,” என்றேன். இரண்டு வருடத்தில் அந்தக் கூடத்தில் நானாக எழுந்து பேசியது அது ஒன்றுதான். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததால் கொஞ்சம் அதட்டுவது போல வந்தது என்று கிளார்க் பிறகு சொன்னார்.

கிளார்க் அந்தக் கடிதத்தை மறுபடி படித்தார். கிழவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“எனக்கு இது பிடிபடலை,” என்றார். “ரெண்டு மாசமா உள்ள கேட்டுப் பாத்தேன். ஒண்ணும் வெளிச்சம் வரலை. ஆனா அந்தப் புள்ளய கூடையில வெச்சு இங்க தூக்கிட்டு வந்த நாள்லேர்ந்து எதிர் பெஞ்சுல உக்காந்து பாத்திருக்கேன். எனக்குத் தெரியாத ஒண்ணுக்காக அவ வழியில நான் நிக்க மாட்டேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “எழுதிக்கோ. நான் ஒதுங்கி நிக்கிறேன். ஒப்புன்னு எழுதிடாதே.”

“ஒதுங்கி நிற்கிறார், ஒப்பவில்லை. அப்படி எழுதலாமா?” என்று கேட்டேன்.

“வாசிச்சுக் காட்டு.”

வாசித்தேன். இரண்டு முறை கேட்டார். கூடம் சிரித்தது. கடைசி பெஞ்சில் ஆன்ட்டி மட்டும் சிரிக்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஒருவர் ஒதுங்கி நின்றாலும் காரியம் நடக்கும் என்பது அவர்கள் முறை. கிளார்க் கை குலுக்கினார். இந்த முறை அது எதற்கான கை என்று நான் போய்க் கேட்டுக்கொண்டேன்.

அக்டோபரில் கல்யாணம் நடந்தது. மேளமும் இல்லை, பாதிரியாரும் இல்லை. எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். நடுவில் இரண்டு பெண்களும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு வாக்கியம் சொன்னார்கள். திரும்ப உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான் கல்யாணம். கிழவர் தாமதமாக வந்து தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். விசில் கேட்கும் என்று காத்திருந்தேன். கடைசிவரை கேட்கவில்லை.

முடிந்ததும் வந்திருந்த எல்லோரும் ஒரு பெரிய காகிதத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரிந்த குழந்தைகள்கூட. கிழவர் வரிசையில் நின்றதும் ஆன்ட்டி கேட்டுவிட்டார்: “நீதான் ஒப்பலையே?”

“ஒப்புன்னு இதுல எங்க இருக்கு? வந்தேன், பாத்தேன்னுதான் போட்டிருக்கு. வந்தேன். பாத்தேன்.” பெயரை மெதுவாக, முழுதாக எழுதினார். அதற்குக் கீழே நான் என் பெயரைத் தமிழில் எழுதினேன்.

மறுநாள் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

“வீட்டுக்காரம்மா பொண்ணு கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா, கண்ணு?”

“முடிஞ்சுதுங்கப்பா.”

“மாப்ள என்ன உத்தியோகம்?”

“டீச்சருங்க.”

“நல்ல உத்தியோகம். கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்லியே?”

“இல்லீங்க.”

“மாப்ளைக்குச் சொந்த ஊரு அங்கயேவா?”

நான் பேசவில்லை. லைனில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. “சரி, சரி,” என்றார் அப்பா. எதை அவர் சரி என்று எடுத்துக்கொண்டார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.