மேட்டுத்தெருப் புனிதரும் ஆற்றங்கரைக் கஞ்சியும்

எர்லிண்டாவின் பெயரை யோகமலர் முதன்முதல் கேட்டது, இடுப்பு ஒப்பரேசன் முடிந்து லண்டன் இல்ஃபோர்ட் வீட்டில் கிடந்தபோதுதான். "நாளையிலயிருந்து எர்லிண்டா வந்து உங்களைப் பாப்பா, அம்மா," என்றாள் மகள் றொஷானி. அந்தப் பெயர் வாயில் நுழையவே ஒரு கிழமை எடுத்தது.

எர்லிண்டாவுக்குப் பிலிப்பைன்சில் ஒரு சிற்றூர். முன்னொரு காலத்து வெள்ளத்தில் ஆற்றங்கரைத் தேவாலயம் சரிய, புனிதரின் சொரூபத்தை மேட்டுத்தெருவார் தூக்கிப்போய்த் தங்கள் பக்கமே வைத்துக்கொண்டார்கள். காப்பாற்றினோம் என்றார்கள் அவர்கள். களவெடுத்தார்கள் என்றது ஆற்றங்கரைத்தெரு. லண்டனிலும் அந்த ஊரார் சிறிய சொரூபமொன்றை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் செபம் சொல்வார்கள். அதைச் சுமக்கும் நோர்மா மேட்டுத்தெருக்காரி. ஆற்றங்கரைக்காரி எர்லிண்டா ஆசையாய் வாங்கிய பிளாட்டுக்கு மட்டும் புனிதர் வரவேயில்லை.

"வாய் திறந்து கேளன், பிள்ளை," என்றாள் யோகமலர்.

"அவளிட்டக் கேக்க ஏலாது, அக்கா."

"அப்ப பந்தல் போடு. எங்கட ஊரில எங்களைத் தேர் இழுக்க விடாத தெருக்காரருக்கு நாங்கள் தண்ணீர்ப்பந்தல் போட்டனாங்கள். களைச்சு வந்தவன் குடியாமல் போவானே?"

அடுத்த ஞாயிறு நோர்மாவும் கூட்டமும் அவ்வழியால் நடந்து வர, எர்லிண்டாவின் வாசலில் கோழிக்கஞ்சி ஆவி பறந்தது. நல்ல குளிர். சொரூபத்தை அணைத்த கையால் கோப்பை வாங்க முடியாது. நோர்மா சற்று நின்றாள். பிறகு உள்ளே போய்ப் புனிதரை மேசையில் இறக்கிவைத்தாள்.

"உப்புக் காணாது," என்றாள் குடித்து முடித்து.

"அடுத்தமுறை உன்ரை தெருவிலயிருந்து கொண்டு வா," என்றாள் எர்லிண்டா.

எர்லிண்டா இன்றும் அதே பிளாட்டில்தான் இருக்கிறாள். இந்தக் கிழமை புனிதரும் அங்கேதான்.