பில் இல்லாத தங்கம்

வாட்ஸ்அப் வதந்தியை நம்பித் தங்கத்தை விற்றவர்களைப் பற்றி எங்கள் கம்பெனியில் பேச்சு வந்தால் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் கூடச் சிரிப்பேன். சிரித்து முடித்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வருவேன். என் அக்காவும் அப்படி விற்றவள்தான்.

அக்காவை ஓசூரில் கட்டிக்கொடுத்தோம். கட்டியவன் குடித்துவிட்டு அடிக்கிறவன். ஒருநாள் அடுப்பிலிருந்த எண்ணெய்ச் சட்டியை அவள்மேல் தூக்கினான். அன்றைக்கே உடம்பில் போட்டிருந்த நகையோடு பஸ் ஏறி, பொம்மனஹள்ளியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். பிள்ளை கிடையாது. அவள் வந்த வாரமே அண்ணி வேலைக்காரியை நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு சமையல், துணி, அண்ணன் பிள்ளைகளின் டிபன் டப்பா, படுத்த படுக்கையாகக் கிடக்கும் அண்ணியின் அம்மா, எல்லாமே அக்காவின் தலையில். அண்ணி கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசர். வீட்டிலும் அவள் சூப்பர்வைசர்தான்.

சும்மா சொல்லக்கூடாது, அக்கா அங்கே அழுதுகொண்டு கிடக்கவில்லை. அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. பெங்களூரில் மாதாமாதம் வாடகை கட்ட முடியாதவர்களுக்கு லீஸ் என்று ஒரு வழி உண்டு. ஒரு தொகையை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருக்கலாம். காலி செய்யும்போது அந்தத் தொகை திரும்பி வந்துவிடும். இரண்டு தெரு தள்ளி ஒரு கன்னடக்கார அம்மாவின் வீட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை ஒன்றை அக்கா பார்த்து வைத்திருந்தாள். அதில் இருந்த பையன்கள் யுகாதி கழிந்ததும் காலி செய்வதாக இருந்தது. அதுவரை தங்கம் ஏறுகிற மட்டும் ஏறட்டும், பிறகு விற்று லீஸ் கட்டிவிட்டு, ஒரு தையல் மிஷினோடு போய் உட்கார்ந்துவிடலாம் என்பது அவள் திட்டம். ஜன்னலுக்குப் போட நீலப்பூ திரைத்துணிகூட வாங்கியாகிவிட்டது. அந்த நகை அவளுக்கு நகையே இல்லை. அண்ணன் வீட்டிலிருந்து வெளியே போகும் கதவு அது.

அந்த நகைக்கு பில் கிடையாது. எங்களுக்குச் சொந்த ஊர் தங்கவயல். அப்பா அங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இதைச் சொன்னதும் வெளியூர்க்காரர்கள் கண்ணடித்துக் கேட்கிற முதல் கேள்வி, “அப்ப வீட்ல நெறைய இருக்குமே?” என்பதுதான். இருந்தது ஈளை நோய். சுரங்கத்திலிருந்து மேலே ஏறி வருகிறவர்களை உடம்பெல்லாம் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள் என்று அப்பா சொல்வார். நெஞ்சுக்குள் அவர் கொண்டுவந்த தூசியை மட்டும் யாரும் தேடியதில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, வீட்டிலேயே உலை வைத்திருந்த ஓர் ஆசாரியிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து வாங்கியதுதான் அக்காவின் வளையலும் சங்கிலியும். அந்த ஆளிடம் யார் பில் கேட்டார்கள்?

சுரங்கத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளில் திருட்டுத் தங்கம் இருக்கிறது என்று எவனோ ஒருமுறை கொளுத்திப் போட்டான். காக்கிச் சட்டைக்காரர்கள் வந்து டின்னிலிருந்த கேழ்வரகு மாவைத் தரையில் கொட்டிக் கம்பியால் கிளறினார்கள். அப்பாவை வாசலில் நிற்க வைத்துச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். நான் அப்போது கைக்குழந்தை. பார்த்தவள் அக்கா. ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் போனார்கள், ஆனால் அவர்கள் போன பிறகும் தெரு எங்களைத் திருடர் வீடாகத்தான் பார்த்ததாம். அம்மா அன்று முதல் ஒரு பழக்கம் வைத்தாள். யாராவது கதவைத் தட்டினால் முதலில் சங்கிலியை ரவிக்கைக்குள் தள்ள வேண்டும், வளையல்மேல் முந்தானையை இழுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைக்க வேண்டும். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். பெங்களூரில் காலிங் பெல் வைத்த வீட்டிலும் அக்கா அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். எப்போது போனாலும் என்னை வாசலில் காக்க வைத்துவிட்டுத்தான் திறப்பாள்.

போன குளிர்காலத்தில் அந்தச் செய்தி சுற்ற ஆரம்பித்தது. பில் இல்லாத தங்கத்தையெல்லாம் அரசாங்கம் கணக்கெடுக்கப் போகிறது, கணக்குக் காட்டாதவர்களிடமிருந்து பறிமுதல் செய்யப் போகிறது, ஆகவே உடனே விற்றுவிடுங்கள், பத்து பேருக்கு அனுப்புங்கள். எங்கள் கம்பெனி குரூப்பில் கன்னடத்தில் வந்தது, என் மாமியாரின் குரூப்பில் தமிழில் வந்தது. யார் சொன்னது, எந்த உத்தரவு, ஒரு மண்ணும் இல்லை. நான் அழித்துவிட்டேன்.

அக்காவின் போன் பேச மட்டும்தான் ஆகும். அதனால் அண்ணன் தன் போனிலிருந்து அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். அடுத்த முறை நான் போனபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. தங்கவயல் ஆட்களின் வீடுகளுக்குத்தான் முதலில் வருவார்களாம், சுரங்கத்தில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளைத் தேடித் தேடிப் பிடிப்பார்களாம் என்றாள். என் மாமியாருக்கு போன் போட்டு அதே செய்தியை அனுப்பச் சொல்லி, வரி வரியாக அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். தங்கவயல் என்ற வார்த்தையே அதில் இல்லை. அவள் கேட்கவில்லை. உனக்கு வந்தது வேறாக இருக்கும் என்றாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவளுக்கு ஏற்கெனவே பேயைக் காட்டியிருந்தார்கள்.

விட மனமில்லாமல் எங்கள் கம்பெனிக்கு வரும் ஆடிட்டரிடம் கேட்டேன். அவர் டீயை வைத்துவிட்டுச் சிரித்தார். ரெய்டே வந்தாலும் கல்யாணமான பெண்ணிடம் ஓரளவு தங்கத்தை பில் இல்லாவிட்டாலும் எடுக்க மாட்டார்கள், அது பழைய விதி, உங்கள் அக்காவிடம் இருப்பது அதற்குப் பக்கத்தில்கூட வராது என்றார். தங்கத்தைப் பற்றி அவசரப்படுத்துகிறவன் யாராக இருந்தாலும் அவனுக்கு அதில் என்ன கிடைக்கிறது என்று முதலில் பாரும்மா என்றும் சொன்னார். நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. எனக்கு முதல் பாதியே போதுமாக இருந்தது. அக்காவுக்கு போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை அவரிடம் அழைத்துப் போகிறேன், அவர் வாயாலேயே கேள், அதுவரை எதையும் தொடாதே என்றேன். சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் குடியிருக்கும் அத்திபெலேயிலிருந்து பஸ் பிடித்துப் போய் மணியடித்தேன். அடித்த கையை எடுப்பதற்குள் கதவு திறந்தது. அக்கா நின்றாள். கதவு அவ்வளவு சீக்கிரம் திறந்ததிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மறைக்க அவளிடம் ஒன்றுமில்லை. கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு மட்டும் கிடந்தது.

முந்தின நாள் அண்ணன் அரை நாள் லீவு போட்டுவிட்டு அவளைக் கூட்டிப் போயிருக்கிறான். பழைய தங்கம் வாங்கும் கடைக்காரன் எடுத்த எடுப்பில் பில் கேட்டிருக்கிறான். அக்கா நடுங்கியதைப் பார்த்ததும் அவனுக்குக் கொண்டாட்டம். பில் இல்லாத பொருளுக்கு இவ்வளவுதான் என்று அடிமாட்டு விலை சொல்லியிருக்கிறான். அந்தப் பணத்தைக் கையில் வாங்கிய சூட்டோடு, அண்ணனின் தோஸ்த் ஒருவனிடம் வெள்ளிக் கட்டிகள் வாங்கியாயிற்று. வெள்ளிக்கு யாரும் கணக்குக் கேட்க மாட்டார்களாம், இனிமேல் வெள்ளிதான் தங்கமாம், எவனோ வெளிநாட்டுக்காரன் எல்லா வெள்ளியையும் வளைத்துப் போடுகிறானாம். பழைய துண்டில் சுற்றிய கட்டிகளை அக்கா என் மடியில் வைத்தாள். செங்கல் மாதிரி கனத்தன.

வெள்ளி ஏறத்தான் செய்தது. எங்கள் கம்பெனி இருக்கும் பொம்மசந்திராவில் டீக்கடைக்குப் போனாலும் அதே பேச்சுதான். அக்காவுக்குக்கூடக் கொஞ்சம் முகம் தெளிந்தது. பிறகு ஏறியதைவிட வேகமாக இறங்கியது. யுகாதி முடிந்து அறை காலியானதும் கட்டிகளை எடுத்துக்கொண்டு நானும் அவளும் கடை கடையாக ஏறினோம். எங்கள் கடைச் சரக்கு இல்லை, உருக்கிப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். உருக்கினால் சுத்தம் குறைவு. கழித்ததெல்லாம் போகக் கையில் வந்ததைக் கொண்டுபோய் அந்தக் கன்னடக்கார அம்மாவின் முன்னால் வைத்தோம். லீஸ் தொகைக்கு அது போதவில்லை. அவள் நல்லவள்தான். இன்னும் சில வாரம் பார்க்கலாம் என்று பொறுத்தாள். பிறகு “நானு ஏனு மாட்லம்மா?”, நான் என்னம்மா செய்யட்டும் என்று சொல்லிவிட்டு வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டாள். நீலப்பூ துணி இன்று அண்ணன் வீட்டு டிவிக்கு உறையாக இருக்கிறது.

அண்ணனும் தப்பவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஏலச்சீட்டுப் பணத்தை எடுத்து அதே தோஸ்திடம் அவனும் வெள்ளி வாங்கியிருந்தான். அக்காவுக்குத் தான் படித்துக் காட்டிய வதந்தியை அவன் நம்பவில்லை, வெள்ளியைப் பற்றி ஊரார் பரப்பிய வதந்தியை வாயைப் பிளந்துகொண்டு விழுங்கியிருக்கிறான். அது தெரிந்த அன்று எனக்கு இரண்டு பிடி சோறு கூடுதலாக இறங்கியது. பாவம் பார்க்கிற ஆள் நான் இல்லை.

அவசரப்படுத்துகிறவனுக்கு என்ன கிடைக்கிறது என்று பார் என ஆடிட்டர் சொன்ன மறுபாதி அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. நகையை விற்றதில் அண்ணன் ஒரு பைசா எடுக்கவில்லை. அப்படியென்றால் எதற்கு அவ்வளவு அவசரம்? மாடியில் அவன் தனியாக நின்றபோது நேராகக் கேட்டேன். தங்கவயல் என்பதை நீதானே சேர்த்துப் படித்தாய் என்றேன். அவன் முகம்கூட மாறவில்லை.

“ஆமா, சேத்துதான் படிச்சேன். இப்ப இன்னா அதுக்கு?”

“ஏன்ணா?”

“அவ போய்ட்டா கெழவிக்கு யாரு பீத்துணி மாத்துறது? நீ வந்து மாத்துறியா? ஆள் வெச்சா மாசம் எவ்ளோ ஆவுது தெரியுமா உனக்கு?”

அவ்வளவு பாசம் இருந்தால் உன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயேன் என்று சிரித்தான். என் வீட்டில் மாமியாரே ஹாலில் படுக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். அப்பாவைச் சட்டை கழற்ற வைத்த காக்கிக்காரர்கள் யாரோ எவரோ. இவன் அந்த அப்பாவுக்குப் பிறந்தவன். அந்த பயம் அக்காவின் உடம்பில் எங்கே இருக்கிறது என்று கூடப்பிறந்தவனுக்குத்தான் தெரியும், சரியாக அங்கே கை வைத்தான். பாவி.

இறங்கி வந்து, பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். சண்டை போடுவாள், அழுவாள், குறைந்தபட்சம் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் கிழவியின் சேலையை நீவி மடித்து முடித்தாள்.

“நீ போய் கேளுக்கா. உன் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும்.”

“கேக்க மாட்டேன்டி. கேட்டா சொல்லிடுவான்.” அடுத்த துணியை எடுத்தாள். “சொல்லிட்டான்னா, அப்புறம் நான் இந்த வீட்ல எப்பிடி உக்காந்து சோறு துன்றது?”

உள்ளே கிழவி முனகினாள். அக்கா மடித்த துணிகளை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.