செலின் அக்காவின் பெட்டியில் இருக்கும் புத்தகம்

செவ்வாய்க்கிழமை காலை நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அப்பாவின் போனில், சபை வாட்ஸ்அப் குழுவில், செலின் அக்காவின் படம் வந்தது. அப்பா அம்மாவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "நம்ம ரப்பர் பால்வெட்டு செலின் போயிட்டா. எலிக்காய்ச்சல் கிட்னியப் பிடிச்சிட்டாம்." அம்மா "கர்த்தாவே" என்றாள். நான் துருவுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் என் முகத்தைப் பார்ப்பார்கள் என்று பயம். சிரட்டை தெரிந்த பிறகும் துருவினேன். அன்றைய துவையல் கறுத்திருந்தது.

அக்கா போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவளுக்கு நினைவுக் கூட்டம். "நீதானே அவகூட ஜெபிக்கப் போவே" என்று சபையார், பேசுவதற்கு என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். அப்பா சபைச் செயலர். அவரே நான்கு வரி எழுதித் தந்திருக்கிறார். ஜெப வீராங்கனை, ரப்பர்த் தோட்டத்தையே ஆலயமாக்கினவள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்த நான்கு வரியை நான் வாசிக்கப் போவதில்லை. இதைத்தான் வாசிக்கப் போகிறேன். வீட்டில் எல்லாரும் உறங்கிய பிறகு, வேதியியல் நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன்.

அடக்கத்தன்று நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். பெட்டியை மூடுவதற்கு முன் அக்காவின் அம்மா, நான் மாமி என்று கூப்பிடுகிறவர், கறுப்பு ஜிப் போட்ட வேதாகம உறையை அவள் நெஞ்சில் வைத்து, அதன்மேல் அவள் கைகளை எடுத்து வைத்தார். "எனக்க மோளுக்க வேதம் அவகூடயே போவட்டும்" என்றார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். உறைக்குள் இருப்பது வேதாகமம் இல்லை என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எட்டு நாள் கழித்து மாமி டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, சேலைகளுக்கு அடியில் அக்காவின் வேதாகமம் உறையில்லாமல் இருந்தது. நான் பள்ளிவிட்டு வரும் வழியில் மாமி காத்து நின்றார்.

"ஏட்டி, அவளுக்க வேதம் டிரங்குல இருக்கு. அப்பம் நான் பெட்டியில வச்சது என்னது?"

"தெரியாது மாமி."

"நீதானே எப்பளும் அவகூட இருப்பே?"

"தெரியாது மாமி."

அதன்பிறகு ஊரில் என்ன பேச்சு நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். ஏதோ ஓர் ஆணின் கடிதங்களாம். கல்யாணம் வேண்டாமென்று அவள் இருந்ததற்கு அதுதான் காரணமாம். மாமி இரண்டு ஞாயிறாகக் கோவிலுக்கு வரவில்லை. நான் சொன்ன 'தெரியாது' என்ற இடத்தில்தான் அந்தக் கடிதங்கள் முளைத்தன.

அது கடிதம் இல்லை. அது ஜப்பான் நாட்டு வாள் முறையைப் படிப்பிக்கும் ஆங்கிலப் புத்தகம்.

போன வருடம் எங்கள் பள்ளி நூலகத்தின் கதவு உடைந்த அலமாரியில் கிடந்தது. எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். பாவாடைபோல் அகலமான காற்சட்டை அணிந்த ஒரு கிழவர் முழங்காலிட்டு உட்கார்ந்திருப்பார். வாளை உருவுவார், வெட்டுவார், உதறுவார், திரும்ப உறையில் இடுவார். எதிரே யாரும் இல்லை. பதிவேட்டில் எழுதாமல் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். எழுதினால் "இது எதுக்கு உனக்கு?" என்று டீச்சர் கேட்பார். அன்று மழைக்கு ரப்பர் ஷெட்டில் ஒதுங்கிப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இந்தக் கிழவனுக்க பிடி கொள்ளாம்," என்றாள். "கத்தி பிடிச்சுப் பழகுன கை. மக்கா, அடியில என்னமோ எழுதியிருக்கே. வாசி."

அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள், ஆங்கிலம் வராது. நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். போனில் தேடினால் வீடியோவே கிடைக்கும் என்றேன். "எனக்க போன்ல டார்ச்சு மட்டும்தான் உண்டு," என்றாள். "பின்ன, வீடியோ ஓடிப் போவும். படம்னா நான் பாத்து முடியிறது வர நிக்கும்."

கமுகு மரத்திலிருந்து நீளமாகப் பிளந்த பத்தையைச் செதுக்கி இரண்டு வாள் செய்தாள். உறைக்கு, மோட்டாரில் தண்ணீர் இறைக்கும் பிளாஸ்டிக் பைப். வாள் வளைவு, பைப் நேர். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையின் நெருப்பில் காட்டி வளைக்கப் பார்த்தாள். முதல் பைப் உருகித் தரையில் ஒட்டியது. இரண்டாவது, எதிர்ப்பக்கமாக வளைந்தது. மூன்றாவதில் வாள் சிக்காமல் போய்வந்தது. இரவல் புத்தகம் நனையக்கூடாது என்று தன் வேதாகமத்தை எடுத்து டிரங்கில் வைத்துவிட்டு, அந்த உறைக்குள் இதை வைத்தாள். வீட்டு ஜெபத்துக்கு மாமியின் பெரிய எழுத்து வேதம் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

எல்லாப் பாடமும் முழங்காலிட்டு, கண்ணைத் தாழ்த்தி, அசையாமல் இருப்பதில்தான் தொடங்கும். நாங்கள் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு நாள், தோட்டத்தில் பால் அளக்கிற தங்கையன் மாமா பைக்கை நிறுத்தினார். வாள் இரண்டும் சருகுக்குள் கிடந்தன. எதிரே ஜிப் உறை.

"என்ன செலின், ஜெபமா?"

"ஆமா அண்ணே, முழங்கால் போட்டாச்சு."

"நல்ல காரியம். எனக்க மோளுக்க கல்யாணத்துக்கும் ஒரு வார்த்த சொல்லிக்கோ."

"சரி அண்ணே" என்றாள் அக்கா. பைக் வளைவு தாண்டும்வரை சிரிப்பை அடக்கி வைத்திருந்துவிட்டு, சருகில் புரண்டு சிரித்தோம். மறுவாரம் அவர் மனைவி வந்து ஜெபிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு அவர் மனைவி சொன்ன நான்கு பேர். இப்படித்தான் எங்கள் செலின் அக்கா ஜெபக்காரி ஆனாள்.

ஆனால் ஒரு தவறு செய்தேன்; அதையும் சொல்ல வேண்டும். பிடியைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கம். "நல்லா இறுக்கிப் பிடிக்கணும்னு போட்டிருக்கு" என்று நானே ஒன்றைச் சொன்னேன். அக்கா நம்பினாள். இரண்டு வாரம் இறுக்கிப் பிடித்து வீசினாள். முழங்கை வீங்கி, இரண்டு நாள் வேலைக்குப் போக முடியவில்லை. மூன்றாம் நாள் துணிக்கட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"அந்த எடத்த இன்னும் ஒருக்கா வாசி."

நான் வாசிக்கவில்லை. அழுதேன்.

"தெரியாததத் தெரியாதுன்னு சொல்லு பிள்ளே. நீ புளுகுனா நோவுறது எனக்க கையி."

மறுநாள் அகராதி பார்த்து எழுதிக்கொண்டு போனேன். ஈரத்துணியைப் பிழிவதுபோல இரு கையும் உள்நோக்கித் திரும்ப வேண்டும். பலம் இடது கைச் சுண்டுவிரலில். வலது கை வழிகாட்டினால் போதும். அக்கா கேட்டுவிட்டு, கட்டுப்போட்ட கையோடு சிரித்த சிரிப்பில் பக்கத்து மரத்தில் கட்டியிருந்த சிரட்டையின் ரப்பர்ப் பால் தட்டிப்போயிற்று.

"இதுக்கா உனக்கு ரெண்டு வாரம்? துணி பிழியத் தெரியாத பொம்பள உண்டா ஏட்டி ஊருல? அந்தக் கிழவனுக்கு வெளுக்க ஆளு இருந்திருக்கும். அதனாலதான் அத அரைப் பக்கம் எழுதியிருக்கான்."

அதன்பிறகு அவள் வெட்டில் சத்தம் வந்தது. காற்றைக் கிழிக்கும் சத்தம். எனக்கு இன்றுவரை பத்தில் இரண்டுதான் அப்படி வரும்.

ஒரு நாள் கேட்டேன்: "இதப் படிச்சு நாம ஆர வெட்டப் போறோம் அக்கா?"

அவள் முதலில் வாளை உறையில் இட்டாள். உறையில் இடும்போது பார்க்கக்கூடாது. உறை வாயில் வைத்த இடது கை விரல்தான் வழி தேடும். முடித்துவிட்டுச் சொன்னாள்: "விடியதுக்கு முன்ன நானூறு மரத்த வெட்டுறேன். தடிக்கு நோவாம, பட்டைய மட்டும். அது தோட்டத்துக்கு உள்ளது. இது எனக்கு உள்ளது. எனக்குன்னு ஒண்ணு வேண்டாமா?"

வாலிபர் சங்கத்தார், மாதர் சங்கத்தார், இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். அக்கா உங்களை ஏமாற்றினாள் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கையன் மாமா கேட்ட அன்று சிரித்தோம்தான். சிரித்து முடித்ததும் அவள் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் அவர் மகளின் பெயரை எழுதினாள். "எதுக்கு அக்கா?" என்றேன். "சரின்னு சொல்லியாச்சுல்லா. பின்ன செய்யாண்டாமா?" என்றாள். அன்றுமுதல் வாள் முடிந்த பிறகு, அதே முழங்காலில், தாளைப் பார்த்து ஒவ்வொரு பெயராகச் சொல்லுவாள். யார் யார் வழியில் நிறுத்திக் கேட்டீர்களோ, எல்லாருடைய பெயரும் அதில் உண்டு. கல்லடைப்பு, வெளிநாட்டு விசா, குழந்தை இல்லாதது, குடி எல்லாம் எழுதியிருந்தாள். அவசரமென்றால் வாளை விட்டிருக்கிறாள். பெயர்களை விட்டதை நான் பார்த்ததில்லை. அந்தத் தாள், கிழவர் வாளை உறையில் இடும் படத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. அதுவும் அவள் கையடியில்தான் போயிருக்கிறது.

எனக்குப் பயம் போகவில்லை. அப்பா என்ன செய்வார் என்று தெரியாது. இந்த மாதம் பள்ளி நூலக அலமாரியைச் சரிபார்க்கப் போகிறார்கள். திங்கட்கிழமை டீச்சரிடம் போய், ஒரு புத்தகம் பதியாமல் எடுத்தேன், அது எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது என்று சொல்வேன். அவர் எப்படிப் பார்த்தாலும் சொல்லத்தான் போகிறேன்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது எதுவும் கையில் எடுத்துக் காட்டக்கூடியது இல்லை. கமுகு வாள்களை விறகென்று நினைத்து எரித்துவிட்டார்கள். முழங்காலிலிருந்து எழும்போது வலது கால் முன்னே வரவேண்டும், கால் விரல்களை அதற்கு முன்பே தரையில் ஊன்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் தடுமாறும். இதை அக்கா என் குதிகாலைத் தட்டித் தட்டிப் பழக்கினாள். இப்போது எங்கே உட்கார்ந்தாலும் விரல்கள் தாமாக ஊன்றிக்கொள்கின்றன. அது என்னிடம் இருக்கிறது.

இன்னும் ஒன்று செய்ய வேண்டும். மாமி இதைக் கூட்டத்தில் வைத்து முதல்முதலாகக் கேட்கக்கூடாது. சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், அவர் அருகில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து வாசிப்பேன். அவர் திட்டினால் கேட்டுக்கொள்வேன். வேண்டாமென்றால் ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் நான்கு வரியும் இல்லை, இதுவும் இல்லை, பேசாமல் உட்கார்ந்துவிடுவேன். ஆகவே, இதை நீங்கள் என் குரலில் கேட்டுக்கொண்டிருந்தால், மாமி எல்லாம் கேட்டுவிட்டார், போய் வாசி என்று சொல்லிவிட்டார் என்று அர்த்தம். யாரும் திரும்பி அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம்.