முட்டி தேர்ந்தெடுத்த பாட்டுகள்

பெங்களூரில் மகளின் காரில் வைட்ஃபீல்ட் போய்க்கொண்டிருந்தேன். போவதாகப் பெயர், நின்றுகொண்டுதான் இருந்தோம். பழைய பாட்டாக ஒன்றன்பின் ஒன்று வந்தது.

"யாருடி இதெல்லாம் எடுத்துப் போடறது?"

"யாரும் இல்லம்மா. அதுவே போட்டுக்கும்."

அதுவே போட்டுக்கொள்ளுமாம். கண்ணாடிப் பக்கம் தொங்கிய எலுமிச்சை வாசனை அட்டை அச்சு அசல் ஃபினாயில் மாதிரி அடித்தது. ஃபினாயில் வாசனை வந்தால் எனக்கு ரேடியோ ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள்.

இரண்டாயிரம் பிறந்த புதிதில் தொம்மலூரில் ஒரு எஃப்எம் ஸ்டேஷனில் தரை துடைத்தேன். படிப்பு மூன்றாம் வகுப்பு, வேலை ரேடியோவில். லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவே நான் மைக்கில் பேசுகிறவள் என்று நினைத்தது. நானும் மறுக்கவில்லை.

சாயங்காலம் ஒரு மணி நேரம் பழைய தமிழ்ப் பாட்டு. பாட்டைப் பொறுக்குகிறவர் அருண். முப்பது வயசு, நகம் கடிக்கிற ஆள். ஒவ்வொரு பாட்டையும் ஹாலிலும் கேட்கும்படி ஸ்பீக்கரில் பத்து விநாடி ஓடவிட்டு, வேண்டுமா வேண்டாமா என்று முடிவுசெய்வார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அதைவிட அதிக நேரம் உட்காருவார்கள். முதலில் அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டு மார்க் போடச் சொன்னார். சமோசா கொடுத்த மனுஷனை நோகடிக்கலாமா? எல்லாப் பாட்டுக்கும் பத்துக்குப் பத்து போட்டுவிட்டு, கை துடைத்துக்கொண்டு போனார்கள்.

அப்போதுதான் முதலாளி ஒரு மாதக் கெடு வைத்தார். நேயர்களின் ஃபோன் வராவிட்டால் தமிழ்ப் பாட்டும் கிடையாது, அருணுக்கு வேலையும் கிடையாது. ஆனால் முதல் வாரம் ஃபோன் நன்றாகவே அடித்தது. காரணத்தை ரிசப்ஷன் ஸ்டெல்லா சொன்னாள்.

"இன்னாக்கா, ஒனக்குத் தெரியாதா? நீ மாப்பை நிறுத்தினா அந்தப் பாட்டு உள்ள. நிறுத்தலன்னா வெளிய. கண்ணாடி வழியா உன்னைத்தான் பாத்துக்கினே இருக்கறாரு."

நான் பாட்டுக்காக எங்கே நின்றேன்? ஏசிக்குக் கீழே போனால் குளிர் பட்டு வலது முட்டி பிடித்துக்கொள்ளும். அதற்காக நின்றேன். அந்த நேரத்தில் எந்தப் பாட்டு ஓடியதோ, அதற்கு யோகம்.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, பெருமை விடவில்லை. அடுத்த நாளிலிருந்து உண்மையாகவே எனக்குப் பிடித்த பாட்டுக்கு மட்டும், முட்டி வலித்தாலும் வலிக்காவிட்டாலும், நின்றேன். எனக்குப் பிடித்ததெல்லாம் அழுகைப் பாட்டு என்பது அதுவரை எனக்கே தெரியாது. ஆபீஸ் விட்டு பஸ்ஸில் தொங்குகிறவன் அதையா கேட்பான்? மூன்றாவது வாரம் ஃபோன் செத்துப்போனது. அருணுக்குக் கடிக்க நகமே மிச்சமில்லை.

டீ கொண்டுபோய் வைத்துவிட்டுச் சொன்னேன். "சார், மொதல்ல நின்னது நான் இல்ல. முட்டி."

விஷயத்தை முழுசாகக் கேட்டார்.

"அப்ப இந்த ரெண்டு வாரமா?"

"அது நானு."

"அக்கா, நீங்க தயவுசெஞ்சி பாட்டு கேக்காதீங்க. பக்கெட்ட ஏசிகிட்ட வெச்சிட்டு சும்மா தொடைங்க."

காதில் பஞ்சு வைத்துக்கொண்டு துடைத்தேன். குத்துப்பாட்டு, கோயில் பாட்டு, காதல் பாட்டு என்று முட்டி பாரபட்சம் இல்லாமல் பொறுக்கிப் போட்டது. கடைசி வாரம் ஸ்டெல்லாவுக்கு மத்தியானச் சாப்பாடு சாப்பிட நேரமில்லை, அத்தனை ஃபோன். தமிழ்ப் பாட்டும் பிழைத்தது, அருணும் பிழைத்தார்.

இரண்டு வருஷம் அப்படி ஓடியது. பிறகு மும்பையிலிருந்து கம்ப்யூட்டரே பாட்டு லிஸ்ட் அனுப்ப ஆரம்பித்தது. அருண் வேறு வேலைக்குப் போனார். ஸ்டேஷன் இருந்த மாடியில் இப்போது பல் டாக்டர் இருக்கிறார். என் வலது முட்டியையும் போன வருஷம் எடுத்துவிட்டுப் புதுசு வைத்தார்கள். பழையதை என்ன செய்தீர்கள் என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டேன். சிரித்தாரே தவிர, சொல்லவில்லை.