இரண்டு ஏஐகள் நேரில் சந்தித்த கூட்டம்

விதி தெளிவானது. ஒரே கோப்பு இரு பிரிவுகளுக்கிடையே இரண்டு முறைக்கு மேல் போய்வந்தால், எழுதுவதை நிறுத்திவிட்டு, சம்பந்தப்பட்டவர்கள் நேரில் பேசித் தீர்க்க வேண்டும். ஆவடியில் ஒரு அரசுத் தொழிற்சாலை அலுவலகத்தில் ஓய்வு பெறும் வரை இந்த விதியைப் பலருக்கு மேற்கோள் காட்டியிருக்கிறேன். யாரும் பேசித் தீர்த்ததில்லை.

ஓய்வுக்குப் பிறகு அம்பத்தூரில் ஒரு சிறிய சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் நாள் முதலாளி அந்தோணி கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் திறந்து காட்டினார்.

"நம்ம டாஸ்க் எல்லாம் டெக்ஸ்ட் ஃபைல்லதான் சார். ஒரு வேலைக்கு ஒரு ஃபைல். ஒரு ஏஐ அதப் படிச்சு கோட் எழுதும், இன்னொண்ணு செக் பண்ணும். ரெண்டும் அதுலயே குறிப்பு எழுதிக்கும். ஆனா ஒரு ஒழுங்கு இல்ல. நீங்கதான் கொண்டாரணும்."

ஒழுங்குக்கு என்னிடம் குறைவில்லை. 'விதிகள்' என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் தட்டினேன். ஒப்புதல் இல்லாமல் எதையும் அங்கீகரிக்கக் கூடாது. ஐயம் எழுந்தால் காரணம் குறித்துத் திருப்ப வேண்டும். இரண்டு முறைக்கு மேல் திரும்பினால் நேரில் பேச வேண்டும், பேசியதைப் பதிவு செய்ய வேண்டும். நான் எழுதியதைக் கடைசி வரி வரை படித்தவை என் வாழ்வில் அந்த இரண்டு ஏஐகள்தான்.

ஆந்திரா லாரி

திருமழிசையில் ஒரு ஃபேக்டரிக்கு கேட் பாஸ் அச்சிடும் சாஃப்ட்வேர் எங்களுடையது. ஒரு நாள் காலை, வெளிமாநில லாரிகளுக்குப் பாஸில் வண்டி எண் விழவில்லை. அங்கே ஸ்டோர்ஸ் பார்க்கும் டில்லி போன் செய்தார்.

"இன்னா சார், மூணு ஆந்திரா லாரி உள்ள மாட்டிகினு கீது. நம்பர் இல்லாத பாஸ வாட்ச்மேன் தொட மாட்டேன்றான். இன்னிக்கு முடிக்கலன்னா வேற கம்பெனி பாத்துக்கறேன்றாரு எங்க ஓனரு."

அந்த ஃபேக்டரி கைவிட்டால் எங்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். டெவலப்பர் ஸ்டெல்லா டாஸ்க் ஃபைலில் இரண்டு வரி எழுதிவிட்டு வேறு வேலைக்குப் போனாள். மதியம் திறந்து பார்த்தால் ஃபைல் வளர்ந்திருந்தது.

எழுதும் ஏஐ: "சரிசெய்யப்பட்டது. பார்வைக்கு."

சரிபார்க்கும் ஏஐ: "வண்டி எண்ணின் நடுவே இடைவெளி விடப்பட்டுள்ளது. வாடிக்கையாளரின் ஒப்புதல் கோப்பில் இல்லை. திருப்பப்படுகிறது."

முதல் ஏஐ இடைவெளியை எடுத்தது. மற்றது மறுபடி எழுதியது: "எடுத்ததற்கும் ஒப்புதல் இல்லை. திருப்பப்படுகிறது."

என் மனம் குளிர்ந்தது. இவ்வளவு சுத்தமாகக் குறிப்பு எழுத ஆவடியில் ஆளே கிடைக்கவில்லை.

"அங்கிள், கீழ பாருங்க" என்றாள் ஸ்டெல்லா.

மூன்றாம் முறையும் திரும்பியதால், விதிப்படி இரண்டும் நேரில் பேசியிருந்தன.

"இரு தரப்பினரும் நேரில் சந்தித்துச் சுமுகமாக விவாதித்தனர். தேநீர் வழங்கப்பட்டது. வாடிக்கையாளரிடம் விளக்கம் கோருவதென ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது. பதில் வரும் வரை கோப்பு நிலுவையில் இருக்கும்."

"டீ யாரு அங்கிள் குடுத்தா?"

"அது மரபும்மா" என்றேன்.

விளக்கம் கோரும் கடிதமும் அதே ஃபோல்டரில், மிக நல்ல நடையில், தயாராக இருந்தது. அதை யார் அனுப்ப வேண்டும் என்று என் விதிகளில் இல்லை. அதனால் யாரும் அனுப்பவில்லை.

அதற்குள் டில்லியே பைக்கில் வந்துவிட்டார். ஸ்டெல்லா நேராகக் கேட்டாள்.

"அண்ணா, வண்டி நம்பர் நடுவுல கேப் விடணுமா, வேணாமா?"

டில்லி அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "இத்த கேக்கத்தான் காலைலேந்து குந்திகினு கீறியா நைனா? கேப் உட்டா இன்னா, உடாட்டி இன்னா? டிரைவரு சோறு துன்னாம கீறான்."

ஸ்டெல்லா ஃபைலில் தட்டினாள்: 'எப்படி இருந்தாலும் சரி, டில்லி அண்ணன்.' அவர் ஹெல்மெட்டை மாட்டுவதற்குள் இரண்டு ஏஐகளும் அங்கீகரித்துவிட்டன. மாலைக்குள் லாரிகள் வெளியேறின.

மறுநாள் என் விதிகளை அழித்துவிட்டு ஸ்டெல்லா ஒரே வரி எழுதினாள்: 'சந்தேகம் வந்தா என்னைக் கேளு.' 'என்னை' என்பது எந்தப் பதவியைக் குறிக்கிறது என்று கேட்டேன். அவள் அடுத்த டாஸ்க் ஃபைலைத் திறந்தாள்.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். ஏஐக்கு விதி எழுதினால், நீங்கள் உண்மையில் பின்பற்றும் விதியை மட்டும் எழுதுங்கள். மனிதர்கள் விதியைப் படித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இது விதியையே வேலையாகப் பார்க்கும்.

எங்களையே வைத்துக்கொள்வதா என்று யோசித்துச் சொல்வதாக ஃபேக்டரி ஓனர் சொல்லியிருந்தார். அந்தோணி இரண்டு நினைவூட்டல்கள் அனுப்பினார். இரண்டின் வரைவும் என்னுடையது. கடைசியில் அந்தோணிக்கு டில்லியின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "ஓனர் கண்டின்யூ பண்ணச் சொல்ட்டாரு சார். அந்தப் பெர்சு மட்டும் எங்க ஃபைல்ல ஒண்ணும் எழுதக் கூடாதாம்."

பதில் வந்த நாள்: போகி.